மதுரைக்கு நீ எழுதாத லெட்டர்

தம்பி,

நான் திருமங்கலத்தில் உன் மாமா வீட்டில் இருப்பதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். பெற்ற மகனிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே நான் போகவே இல்லை. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டுக்கு வெளியே போட்டிருக்கிற சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே மூன்றாவது கட்டிலில் பேச்சி படுத்திருக்கிறாள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய், உன் குரலைக் கேட்டதும் நானும் இளகிப்போவேன். அதனால்தான் வாசல் கடையில் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபமென்றால் இரண்டு நாளில் ஆறிவிடும். நீ என்னை ஏமாற்றிவிட்டாய், தம்பி. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏமாற்றினாய். அதைச் சொல்லித் தீர்க்காமல் உன் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட என்னால் வாங்கிக் குடிக்க முடியாது.

பேச்சி யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ மறந்துவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் நான் அமைப்பாளர், அவள் சமையல். பதினெட்டு வருஷமாக ஒரே அடுப்படியில் புகையைத் தின்றிருக்கிறோம். உன் அப்பாவை இதே மதுரையில் சேர்த்துவிட்டு நான் அவர் காலடியில் கிடந்தபோது நீ பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். காலையில் உன்னை எழுப்பி, சோறு கட்டிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டது அவள்தான். நீ அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாய். திருச்சுழியில் நீ கிளினிக் திறந்த அன்று முதல் ஆளாக வந்து, உடம்புக்கு ஒன்றுமில்லாமலே உன்னிடம் நாடி பார்த்துக்கொண்டு போனாள். கைராசி வர வேண்டுமாம்.

தை மாசக் கடைசியில் அவள் அரிசி அண்டாவை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். கேட்டதற்கு, தீட்டு மறுபடி வருகிறது என்றாள். நின்று ஆறு வருஷம் ஆனவளுக்கு எப்படி வரும் என்று கேட்டேன். அடுப்படிச் சூடு என்றாள். நம் வானம் பார்த்த பூமியில் எதுவாக இருந்தாலும் சூடுதானே. கண் சிவந்தாலும் சூடு, சிறுநீர் சிவந்தாலும் சூடு, தொப்புளில் விளக்கெண்ணெய் தடவி நீராகாரம் குடித்தால் தீர்ந்தது. நான்தான் அவளை உன்னிடம் விரட்டினேன். நீ மாத்திரை கொடுத்தாய். நின்றது, மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை. மூன்றாவது தடவையும் அவள் போய் வந்த அன்று சாயங்காலம் உன்னிடம் கேட்டேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தட்டிலிருந்து தலையைத் தூக்கி, என் கண்ணைப் பார்த்து, "வயசுக் கோளாறுதாம்மா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றாய். எனக்கு நிம்மதியாகிவிட்டது. டாக்டராகிவிட்ட மகன் சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் நிம்மதி வராது?

போன வாரம் பேச்சி வேலைக்கு வரவில்லை. அவள் வீட்டுக்காரர் கருப்பையா சாவியைக் கொடுத்துப் போக வந்தவர், சாதாரணமாகத்தான் பேச்செடுத்தார். "டாக்டர் தம்பி மொத நாளே மதுரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாப்ல. காட்டுல கொத்தமல்லி பிடுங்கி முடியட்டும்னேன். இப்பக் காப்பு வேற கட்டியாச்சு, பொங்கல் முடியணும்ல. அவகிட்டச் சொன்னா அழுதுக்கிட்டே கெடப்பா, சொல்ல வேணாம்னேன். தம்பியும் சரின்னுட்டாரு." அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் தங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். முதல் நாளே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே மூன்று தடவை அவளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறாய். தெரிந்துகொண்டே என்னிடம் ஒன்றுமில்லை என்றாய். நான் சோற்றுப் பதிவேட்டைத் திறந்து வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இது இவ்வளவு பெரிய விஷயமா என்று நீ கேட்பாய். ஆமாம். ஏன் என்று சொல்கிறேன். உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்லப் போகிறேன்.

உன் அப்பா அருப்புக்கோட்டையில் சாயப்பட்டறையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். காட்டு வேலைக்குப் போன குடும்பத்தில் முதல் ஆளாக டவுனுக்கு வேலைக்குப் போனவர் என்பதில் அவருக்குப் பெரிய பெருமை. கையெல்லாம் முழங்கைவரை நிறம் ஏறிக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. பட்டறையில் இருந்தவர்களுக்கு ஒரு நினைப்பு இருந்தது. உடம்புக்குள் போன சாயம் சிறுநீர் வழியாக இறங்கும், இறங்குவது நல்லது, உடம்பு சுத்தமாகிறது என்று. அதனால் அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனபோது அவர் பயப்படவே இல்லை. வலியும் இல்லை. எந்தத் தொட்டியில் வேலை என்று பார்த்து, இன்றைக்குச் சிவப்பு, நாளைக்குப் பச்சை வரும் பார் என்று என்னிடம் கேலி பேசினார். நானும் சிரித்தேன். பச்சை வரவே இல்லை.

நம் பெரிய டாக்டரிடம்தான் காட்டினோம். உன் அக்காவை நான் பெற்ற பிரசவம் முதல் உன் அம்மைக் காய்ச்சல்வரை அவர்தானே. அவர் கையைத் தொட்டாலே பாதி குணம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். அவரும் சாயம்தான் இறங்குகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லு என்று என்னிடம் சொன்னார். வாராவாரம் ஊசி. அந்தச் சமயத்தில் நம் ஊருக்கு வரும் கிராம நர்ஸ், என்னைவிட ரொம்பச் சின்னப் பெண், என்னை ஓரமாகக் கூப்பிட்டு, வலியில்லாமல் ரத்தம் போவதுதான் அக்கா மோசம், மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை அப்படியே பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். புகாராகத்தான் சொன்னேன். ஊசி போடுகிறவள் டாக்டருக்குப் படிப்பு சொல்கிறாள் என்று சொன்னேன். அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார். அதற்கப்புறம் அவள் நம் தெருவில் நடக்கும்போது என்னைப் பார்க்க மாட்டாள். அவளுக்கு முன்னால் நிற்க எனக்கு இன்றைக்கும் முகமில்லை.

வைகாசியில் உன் அக்கா கல்யாணம். ஆடியில் உன் அப்பா நிற்க முடியாமல் விழுந்தபிறகுதான் மதுரை. சிறுநீர்ப் பையில் கட்டி, பரவிவிட்டது, தை மாசமே வந்திருந்தால் வேறு மாதிரி என்றார்கள். அடுத்த வருஷம் உன் பரீட்சை சமயத்தில் மறுபடி அங்கே சேர்த்தோம், அதோடு அவர் இல்லை. நீ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த வருஷம், உன் சர்டிபிகேட்டைத் தேடி டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்குள் ஒரு கவர் கிடந்தது. பெரிய டாக்டரின் கையெழுத்து. மதுரை டாக்டருக்கு எழுதியது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கட்டியாக இருக்கலாம், உடனே பார்க்கவும் என்று இருந்தது. தேதி தை மாசத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு நான்கு மாசம் முன்னால்.

அந்தக் கவரை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனேன். அவர் மறுக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரும்மா. மதுரைக்கு எழுதிட்டாகன்னு தெரிஞ்சா சம்பந்தம் போயிரும், கல்யாணம் முடியட்டும்னாரு. உன்கிட்டச் சொன்னா நீ நிறுத்திருவன்னாரு."

"நிறுத்தியிருப்பேன்யா," என்றேன். "அவுக இருந்திருப்பாக."

உன் அப்பாவின் உடம்பு, உன் அப்பாவின் முடிவு என்று நீ சொல்வாய். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் உன் அப்பாவுக்கு அவர் என்ன சொன்னார் என்று துருவித் துருவிக் கேட்டேன். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வந்துவிடு என்றுதான் சொல்லியிருக்கிறார். கட்டி என்ற வார்த்தை இங்கிலீஷில் மட்டும் இருந்தது. அந்த மனுஷர் ஒரு பக்கம் ஸ்கேன், ஒரு பக்கம் மகள் கல்யாணம் என்று வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் தன் உயிர் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. அப்புறம் நான்கு மாசமும், உன் அப்பா மதுரைக்குப் போகவில்லை என்று தெரிந்தே பெரிய டாக்டர் ஊசி போட்டுக்கொண்டு, என்னிடம் சாயம் என்று சொல்லிக்கொண்டு இருந்தார். கட்டின புருஷனும் கும்பிட்ட டாக்டரும் சேர்ந்துகொண்டு என்னைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பாசத்தால்தான் செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஆறவில்லை.

இதையெல்லாம் உன்னிடம் மறைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நீ படித்துவிட்டு வந்ததும், ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகட்டும் என்று பெரிய டாக்டரே கூப்பிட்டார். நான் மறுக்கவில்லை. போனவர் திரும்பி வரப் போவதில்லை, பிள்ளைக்காவது ஒரு வழி கிடைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அவரைப் போல ஆகணும் என்று நீ சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த ஆசையை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் நீ அவரைப் போலவே ஆகிவிட்டாய். ஒன்றுமில்லம்மா என்று சொல்கிற அந்தக் குரல்கூட அதே குரல்.

இன்னொன்றும் இருக்கிறது. திருச்சுழியில் உட்கார்ந்த முதல் வருஷம் நீ இப்படி இல்லை. சந்தேகம் வந்தால் உடனே மதுரைக்கு லெட்டர் எழுதி அனுப்பினாய். ஜனங்கள் உனக்கு லெட்டர் டாக்டர் என்று பேர் வைத்தார்கள். குழாயடியில் என் காதுபடவே, லெட்டர் எழுதத்தான் அத்தனை வருஷம் படித்தானா, அதற்குப் போஸ்டாபீஸில் சேர்ந்திருக்கலாமே என்று சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம், "நம்ம ஆளுகளை இப்படி வெரட்டாதய்யா, கொஞ்சம் கையில வச்சுப் பாரு" என்றேன். நீ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாய். அதற்கப்புறம் லெட்டர் குறைந்தது. கூட்டம் கூடியது. நான் சந்தோஷப்பட்டேன். அதனால் உன்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளவில்லை.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இரண்டு தடவை அடிபட்டவள், அதனால் சொல்கிறேன். எல்லோரையும் மதுரைக்கு அனுப்பச் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அனுப்பினால் ஒரு நாள் கூலியும் போய், பஸ்ஸில் அலைந்து, அடுத்த தடவை நிஜமாகவே போக வேண்டிய நாளில் போக மாட்டார்கள். அந்த வகையில் குழாயடியில் சிரித்தவர்கள் பேச்சிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் வலியில்லாமல் ரத்தம் போனால் அதை உன் கையில் வைத்துக்கொள்ளாதே. நின்றுபோன பெண்ணுக்கு மறுபடி வந்தால், ஒரு சொட்டாக இருந்தாலும் வைத்துக்கொள்ளாதே. இது உன் புத்தகத்திலேயே இருக்குமே, தம்பி, நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? ஒரே மருந்தை மூன்றாவது தடவை எழுதப் பேனாவை எடுக்கிறாய் என்றால், உனக்கு அந்த நோய் பிடிபடவில்லை என்று அர்த்தம். பிடிபடவில்லை என்று சொல்வதில் ஒரு கேவலமும் இல்லை. நம் ஊரில் மதுரைக்கு எழுதிவிட்டார் என்றால் முடிந்தது கதை என்று நினைக்கிறார்கள். பழத்தையும் ஹார்லிக்ஸையும் வாங்கிக்கொண்டு கடைசியாக முகம் பார்க்க வந்துவிடுகிறார்கள். அதனால்தான் லெட்டரை ஒளிக்கிறார்கள். உன் அப்பாவும் ஒளித்தார். அதைப் போக்க வேண்டியது உன் வேலை. எதற்காக அனுப்புகிறாய், அங்கே என்ன செய்வார்கள், எத்தனை நாளுக்குள் போக வேண்டும், திரும்பி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று தமிழில், அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பியிடமோ புருஷனிடமோ சொல்லிவிட்டால் ஆயிற்று என்று இருக்கக் கூடாது. போனார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டும். அனுப்புவது கைவிடுவதில்லை என்று நீ நடந்து காட்டினால்தான் ஜனங்கள் நம்புவார்கள்.

பேச்சியிடம் நான்தான் சொன்னேன். அவள் வீட்டு அடுப்படியில் வைத்துச் சொன்னேன். அவள் அழவே இல்லை, கருப்பையா அப்படி என்ன கண்டாரோ. கரண்டியை வைத்துவிட்டு, "எனக்கு ஏன்க்கா யாருமே சொல்லல? என்னோட உடம்புதான?" என்று கேட்டாள். மறுநாளே திருச்சுழியில் பஸ் ஏறினோம். காரியாபட்டி தாண்டியதும், பொழுது சாய ஊருக்குத் திரும்பிவிடலாமா அக்கா என்றாள். முடியாமல் போகலாம் என்றேன். "ஆத்தா வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். தங்க வேண்டியதாகத்தான் ஆயிற்று. கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. நல்லதாகவே வரலாம். வந்தாலும் நீ செய்தது நல்லதாகிவிடாது.

இன்று காலையில் வார்டுக்கு வந்த டாக்டரம்மா, ரத்தம் குறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு மாசமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ஊரில் எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், அவர் ஏன் அனுப்பவில்லை என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு உன் பேரைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பேச்சிதான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "எங்க டாக்டர் தம்பி மொத நாளே எனக்கு லெட்டர் குடுத்துட்டாரும்மா. நாந்தேன் பயந்துக்கிட்டு வராம இருந்துட்டேன். அந்த லெட்டரும் எங்கயோ தொலைஞ்சு போச்சு" என்றாள். டாக்டரம்மா அவளைத் திட்டு திட்டென்று திட்டினார். படிக்காதவர்கள் என்றால் இப்படித்தான், உன் உயிர்மேல் உனக்கே அக்கறை இல்லையா என்று எல்லோருக்கும் முன்னால் திட்டினார். பேச்சி தலையைக் குனிந்துகொண்டு, சரிம்மா, சரிம்மா என்றாள். அவர் போனபிறகு என்னைப் பார்த்து, "நம்ம புள்ளைதானக்கா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நீ யாரிடம் மறைத்தாயோ அவள்தான் உன் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நானாக இருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டேன். பெற்றவள்தான், ஆனாலும் எனக்கு அந்த மனசு வரவில்லை. இந்த நோட்டைத் திருச்சுழி வழியாகப் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், கிளினிக் வாசலில் தருவார். படித்ததும் அந்த லெட்டரை எழுது. மறைத்த இரண்டு மாசத்தையும் மறைக்காமல் எழுது. எழுதி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நீயே வா. நேராக டாக்டரம்மாவிடம் போய்க் கொடுத்துவிடாதே. என்னிடமும் காட்டாதே. மூன்றாவது கட்டிலில் உன் சின்னம்மா இருப்பாள். முதலில் அவளுக்கு அதைத் தமிழில் வாசித்துச் சொல்லு.

அம்மா